பெயரை வாசிக்குமுன் கேளுங்கள்



நவம்பர் 2ஆம் திகதி மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் நாள். ஒரு கிழமைக்கு முன்னரே சேமக்காலையில் புல் வெட்டி, கல்லறைகளுக்கு வெள்ளை பூசி, மெழுகுதிரி வாங்கி வைத்துவிடுவோம். பூசையில் வாசிப்பதற்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பதும் பல பங்குகளில் வழக்கம். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்தப் பட்டியல் எங்கள் பக்கத்தில் நீண்டுவிட்டது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. காணாமற் போனவர்களை அதில் சேர்ப்பதா, விடுவதா?

நான் பணிசெய்யும் பகுதியில் ஓர் அன்பியக் கூட்டத்தில் பெயர் எழுதிய சகோதரி, ஓர் அம்மாவிடம் கேளாமலே அவருடைய மகனின் பெயரையும் எழுதிவிட்டார். நல்ல மனத்தோடுதான் எழுதினார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பூசை கிடைக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ர பெடியன்ர பேரை வெட்டச் சொல்லு. அவனை நான் கையால பிடிச்சுக் குடுத்தனான். செத்தவன் எண்டு ஆர் கண்டது?"

அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

வியட்னாம் யுத்தத்தில் காணாமற் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ் என்பவர், இத்தகைய துயரத்துக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அழுது முடிக்கவும் முடியாது, காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது. இதை அந்தப் பெண்ணின் மனப்பலவீனமாகக் கொள்ளக்கூடாது, அவளுக்கு நேர்ந்த இழப்பே அப்படிப்பட்டது என்கிறார் அவர். எங்கள் நாட்டுச் சட்டமும் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற் போயிருப்பதைக் குறிக்கும் சான்றிதழைக் குடும்பத்தினர் பெறலாம். நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அது உதவும். மகன் இறந்துவிட்டான் என்று கந்தோரில் ஒத்துக்கொள்ளத் தேவையில்லாத தாயை, கோயிலில் ஒத்துக்கொள்ள வைப்பது எந்த வகையில் அன்பாகும்?

யோபுவின் நண்பர்கள் அவரைப் பார்க்க வந்தபோது ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் நிலத்தில் கூட இருந்தார்கள். அதுவரை அவர்கள் அருமையான நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் பிழைத்தது.

பெயர் எழுதிய சகோதரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகாமல் தனியே அந்த வீட்டுக்குப் போனார். தன் நல்லெண்ணத்தை விளக்கவும் இல்லை. "அக்கா, கேளாமல் எழுதினது பிழை" என்று மட்டும் சொன்னார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மன்னித்தேன் என்ற சொல் அங்கே வரவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கூட்டத்துக்கு வந்தார். இப்போது அங்கே இரண்டு தாள்கள் இருக்கின்றன. இறந்தவர்களுக்கு ஒன்று, தேடப்படுகிறவர்களுக்கு ஒன்று. எந்தத் தாளில் எழுதுவது என்பதைக் குடும்பத்தவர்களே சொல்வார்கள்.

பெரிய மன்னிப்பு விடயத்திலும் எங்களுக்கு இதே அவசரம் இருக்கிறது. "மன்னிச்சு விடுங்கோ அம்மா, மனம் ஆறும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளையைப் பறிகொடாதவர்கள். (நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன், கணக்கெடுக்கவில்லை.) எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு இயேசு கணக்கில்லாமல் மன்னிக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் மத்தேயுவின் அதே 18ஆம் அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னர், குற்றம் செய்தவரிடம் போய் அதை எடுத்துச் சொல்லும்படியும் கூறுகிறார். சக்கேயு தான் ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். தன்னை விற்ற சகோதரர்களை யோசேப்பும் உடனே கட்டியணைக்கவில்லை. சோதித்துப் பார்த்தார், ஒளித்து நின்று அழுதார், பிறகுதான் தன்னை யாரென்று சொன்னார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். பிள்ளை எங்கே என்று கேட்பதை வன்மம் என்று எப்படிச் சொல்வது? நான்தான் செய்தேன் என்று ஒருவரும் அவர்கள் முன் வந்து நிற்கவில்லையே. யாரை மன்னிப்பது?

இந்த நவம்பரில் பெயர் சேர்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதுங்கள். கலியாண வீட்டிலோ பெருநாளிலோ கண்டவுடன் "இன்னும் ஒரு தகவலும் இல்லையோ?" என்று விசாரிக்க வேண்டாம். மகனைப் பற்றி அந்தத் தாய் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே நீங்களும் பேசுங்கள். "அவனுக்கு ஒடியல் கூழ் எண்டால் சரியான விருப்பம்" என்று அவர் சொல்லும்போது, விருப்பமாயிருந்தது என்று திருத்த வேண்டாம்.