சேம்புக் குழியும் ஜன சுகாதாரமும்

பஸிபிக் சமுத்திரத்திலுள்ள துவாலு தேசத்தின் நிலப்பரப்பு ஏறக்குறைய 26 சதுர கிலோமீட்டரே. அங்கே ஆறில்லை, மழைநீரே பிரதான குடிநீர். 2011-ல் மழை பொய்த்தமையால் அரசாங்கத்தார் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. நிலத்தடி நன்னீர் எட்டும்வரை குழி தோண்டி, தழையுரமிட்டு, ‘புலாகா’ என்னும் பெருஞ்சேம்பைப் பயிரிடுவது அந்நாட்டார் வழக்கம். அக்குழியில் கடல்நீர் ஊறி உவரேறினால் கிழங்கு அழுகிவிடும். கிழங்கு குன்றவே, கப்பலில் வரும் அரிசி, மாவு, சர்க்கரை முதலியனவே ஆகாரமாகின்றன; நீரிழிவு வியாதிக்கும் இடமுண்டாகிறது.

ஆகையால் அத்தேசத்தின் நிலையை ஆராயும் மாணாக்கர் கடல்மட்டத்தை மாத்திரம் அளந்து திரும்புதல் போதாது. குழிநீரின் உவரையும், அடுப்பில் வேகும் உணவையும், குடும்பத்தாரின் தேகநிலையையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். கண்ட முடிவைப் பயிரிடுவோருக்கு அவர்தம் மொழியிலேயே விளங்கவுரைத்தலும் அவசியம். மண்ணின் குறையை விடுத்து மனிதரின் நோயை மட்டும் தீர்க்க முயலுதல், வேர் வாட இலைக்கு நீர் தெளிப்பதை ஒக்கும்.