இலவசமாகக் கிடைத்த இடம்



காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சட்டென்று ‘கிட்ஹப்’ என்பார்கள்; நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம் அது. வேலைக்கு மனுப் போடும்போதும் அந்த முகவரியைத்தான் கொடுக்கிறார்கள். தப்பில்லை, ஓப்பன்-தமிழ் நிரல் தொகுப்பும் எழில் நிரல்மொழியும்கூட அங்கேதான் இருக்கின்றன. ஆனால் இலவசம் என்றதும் விசாரிப்பதை விட்டுவிடுகிறோம். அந்தக் காலத்தில் பர்மாவில் நடந்த வட்டிக் கடையில் பணம் போடுமுன் முதலாளி, ஏஜெண்டு, அவருக்கு அடுத்தாள் வரை துருவித் துருவிக் கேட்ட சீமை இது!

என்ன கேட்பது? கட்டற்ற மென்பொருளுக்காக இயங்கும் க்னூ திட்டத்தார் இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டவரையும் ஒதுக்கக் கூடாது. நம் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கட்டற்றதாக, அதாவது யாரும் பார்த்துத் திருத்தும் உரிமையோடு இருக்க வேண்டும். வருகிறவர் யார் என்று அடுத்த நிறுவனத்துக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது. போட்டதைத் திரும்ப எடுத்துப்போக வழி வேண்டும். இப்படிப் பார்த்து 2016-ல் அவர்கள் தரம் போட்டபோது, அதே போன்ற இன்னொரு தளமான கிட்லேபுக்கு ‘சி’, கிட்ஹப்புக்கு ‘எஃப்’, அதாவது தேறவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் விஷயத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம் என்பது என் எண்ணம். நாடு பார்த்து ஒதுக்குவது பற்றிய கேள்வி அப்படியல்ல. 2019-ல் அமெரிக்கத் தடையைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்தவர்களின் தனிக் களஞ்சியங்களை (பிறர் பார்க்க முடியாத நிரல் தொகுப்புகளை) கிட்ஹப் முடக்கியது. எழுதியவர் செய்த குற்றம், அந்த ஊரில் இருந்தது. அமெரிக்க அரசிடம் உரிமம் வாங்கி ஈரானியருக்கு மறுபடி திறந்துவிட்டது 2021-ல்.

திடீரென்று கதவு அடைபடுவது நமக்கும் புதிதல்ல. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கச் சொன்ன 32 தளங்களில் கிட்ஹப்பும் இருந்தது. இதே வேலை செய்யும் மற்றத் தளங்களும் நம்பிக்கையைக் காக்கவில்லை: சோர்ஸ்ஃபோர்ஜ் 2015-ல் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பரச் சரக்கையும் கட்டிக் கொடுத்துப் பேரைக் கெடுத்துக்கொண்டது. கூகுள் கோட் 2016 ஜனவரியில் கடையையே மூடிவிட்டது.

அதற்காக ‘எஃப்’ வாங்கிய இடத்தைக் காலிசெய்துவிட்டு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் உதவிக்கும் ஆள் கிடைக்கும். இந்தத் தளங்கள் பயன்படுத்தும், திருத்தங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ முறையில் ஒரு வசதி உண்டு: உங்கள் மடிக்கணினியில் இருக்கும் நகலிலேயே திருத்தங்களின் முழு வரலாறும் இருக்கும். இன்னொரு தளத்தையும் ‘ரிமோட்’ ஆக (வெளி நகல் இடமாக) சேர்த்து அங்கேயும் ஒரு ‘புஷ்’ கொடுத்தால் (அனுப்பினால்) போதும். ஆனால் பிழைகளைப் பேசும் ‘இஷ்யூ’ பக்கத்தில் யாரோ முகம் தெரியாதவர் பிழையைச் சுட்டிக்காட்டி, நீங்கள் பதில் சொல்லி, மூன்றாமவர் வந்து தீர்த்துவைத்தாரே, அந்தப் பேச்சு இந்த நகலில் வராது. அதைத் தனியாகத்தான் இறக்கி வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்