கட்டிய கரைகள்

'கரை' என்னும் தமிழ்ச் சொல்லில் இரண்டு பொருள்கள் ஒட்டிக் கிடக்கின்றன: ஆறும் கடலும் தாமே வகுத்துக்கொண்ட நில விளிம்பும் கரைதான், நீரைத் தேக்குவதற்காக மண்ணைக் கொட்டி ஊரார் எழுப்பிய ஏரிமேடும் கரைதான். சிங்கப்பூரின் வடகிழக்கு ஓரத்திலுள்ள பொங்கோலில், வார இறுதிகளில் மிதிவண்டி ஓட்டுவோர் ஆற்றங்கரை என்று எண்ணிக் கடந்து செல்லும் பாதைகளில் பெரும்பகுதி இரண்டாம் பொருளுக்கே உரியது. அங்கே ஆறு என்று பெயர் தாங்கி நிற்பவை முகத்துவாரம் அடைக்கப்பட்டு நன்னீராக மாறிய இரண்டு நீர்த்தேக்கங்கள். அவ்விரண்டையும் இணைத்து அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நெளிந்து செல்லும் நீர்வழியோ முழுக்க முழுக்க வெட்டி உண்டாக்கப்பட்டது.

மலாய் மொழியில் ஆற்றைக் குறிக்கும் 'சுங்கை' என்ற சொல்லுடன் வழங்கும் சுங்கை பொங்கோல், சுங்கை சிராங்கூன் ஆகிய இரண்டும் முன்பு ஜொகூர் நீரிணையில் கலந்தவை. கடல்நீர் ஏறி இறங்கிய கழிமுகங்கள் அவை. அவற்றின் வாயில் அணைகள் எழுந்த பின், 2011இல் அவை சிங்கப்பூரின் 16ஆம், 17ஆம் நீர்த்தேக்கங்களாகக் கணக்கில் சேர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவற்றுக்கிடையே வெட்டிய 4.2 கிலோமீட்டர் நீர்வழியும் அதன் இருமருங்கிலும் அமைந்த பூங்காவும் திறக்கப்பட்டன. அந்நீர்வழியைக் கடக்கும் பாலங்களுள் ஒன்றுக்குக் கேலோங் பாலம் என்று பெயர். கேலோங் என்றால், கடலில் மரக்கழிகளை வரிசையாக ஊன்றி, மீன்கள் உள்ளே வந்து சிக்குமாறு அமைத்து, மேலே ஒரு குடிலும் கட்டி வைத்திருக்கும் பழைய மீன்பிடி அமைப்பு. மீனவர் தொழில் மறைந்த இடத்தில் அதன் உருவம் பாலமாக மிஞ்சியிருக்கிறது.

இத்தகைய பாதைகளுக்கு நிலம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி, பாதையின் அழகைக் காட்டிலும் ஆராயத்தக்கது. பூங்காக்களை ஒன்றோடொன்று கோத்து நடப்பவர்க்கும் மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் தொடர்ச்சியான வழியொன்றைத் தரும் 'பூங்கா இணைப்புப் பாதை' என்னும் திட்டம் 1991இல் ஏற்கப்பட்டு, அடுத்த ஆண்டே காலாங் ஆற்றோரத்தில் அதன் முதல் துண்டு உருவானது. நிலப் பற்றாக்குறை மிகுந்த தீவில் இதற்கெனப் புதிதாக நிலம் தேட வேண்டியிருக்கவில்லை. கால்வாய்களைப் பராமரிக்கவும் பிற்காலத்தில் அகலப்படுத்தவும் அவற்றின் இருபுறமும் கட்டடம் எழும்பாமல் விட்டுவைக்கப்பட்டிருந்த வடிகால் ஒதுக்கு நிலமும், சாலையோர ஒதுக்கு நிலமும் பயன்பட்டன. எதற்கும் ஆகாதெனக் கிடந்த கீற்றுகள் சேர்ந்து இன்று தீவு முழுவதும் பல நூறு கிலோமீட்டர் வலைப்பின்னலாகியிருக்கின்றன.

தமிழ்நாட்டு வருவாய்த்துறைச் சொற்களில் இந்நிலத்துக்கு நேரான பெயர் உண்டு: நீர்நிலைப் புறம்போக்கு. வரி விதிக்கப்படாத, தனியாருக்குப் பட்டா தரக்கூடாத, ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. அச்சொல் காலப்போக்கில் உதவாதவரைத் திட்டும் வசைச்சொல்லாகத் தாழ்ந்ததே அந்நிலத்தின் கதையையும் பாதி சொல்லிவிடுகிறது. சென்னையை ஒட்டிய எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து 2017இல் கருநாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி வெளியிட்ட புறம்போக்குப் பாடல் அச்சொல்லின் பழைய மதிப்பை மீட்கவே முயன்றது. ஏரிக்கரையில் ஊரார் நடந்து கொண்டிருந்தவரை அதைக் காக்கத் தனிக் காவல் தேவைப்படவில்லை. நடமாட்டம் ஓய்ந்த கரைகளில்தான் ஆக்கிரமிப்பு எளிதில் வேரூன்றுகிறது. அவ்வகையில், மாலை நேரத்தில் வரிசையாகச் செல்லும் மிதிவண்டிகள் பொழுதுபோக்குக்கு மட்டுமன்றி, நிலம் பொதுவில் நிலைப்பதற்கும் உதவுகின்றன என்று கருத இடமுண்டு.

ஆயினும் இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுப்பது நேர்மையாகாது. சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலம் அரசிடம் சேர்வதை விரைவாக்கியது. பொங்கோல் முனையில் கம்போங் வாக் சுமாங் என்ற மலாய்க் கிராமமும், உட்பகுதியில் கோழி, பன்றிப் பண்ணைகளும் இருந்தன. பன்றி வளர்ப்பு படிப்படியாக நிறுத்தப்பட்டு 1990இல் முடிவுக்கு வந்தது. 'பொங்கோல் 21' என்ற நகர்த்திட்டம் 1996இல் அறிவிக்கப்பட்டது. ஆள்களை வேறிடம் அனுப்பிய பின் வரையப்பட்ட கோடுகள் நேர்த்தியாக அமைவதில் வியப்பில்லை. குடியிருப்போரும் வழக்குகளும் நிறைந்த சென்னையின் அடையாற்றுக் கரைகளோடு அவற்றை அப்படியே நிறுத்துப் பார்ப்பது முறையன்று.

இரு ஆறுகளின் ஓரங்களையும் பூங்காக்களையும் தொட்டுச் சுற்றிவரும் வடகிழக்கு ஆற்றோரச் சுற்றுப்பாதையின் நீளம் 26 கிலோமீட்டர். செங்காங் ஆற்றோரப் பூங்காவும் பொங்கோல் நீர்வழிப் பூங்காவும் அதில் அடங்கும். அவ்வட்டாரத்தில் நின்று பார்க்கத்தக்க இடம், சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் குறுக்கேயுள்ள சிவப்புப் பாலத்தைக் கடந்தால் வரும் லோரோங் ஹாலுஸ் ஈரநிலம். 1970 முதல் 1999 மார்ச் வரை சிங்கப்பூரின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. அது மூடப்பட்ட மறுநாள் செமக்காவ் தீவின் குப்பைத் தளம் செயல்படத் தொடங்கியது. குப்பை மேட்டுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள அழுக்குகளைக் கரைத்துக்கொண்டு அடியில் கசிந்து வெளியேறுவதைக் கசிவுநீர் என்பர். பக்கத்து ஆறு குடிநீர்த் தேக்கமாகும்போது அந்நீர் அதில் கலக்கவிடக் கூடாதென்பதால், நிலத்தடியில் ஒரு தடுப்புச்சுவர் இறக்கப்பட்டு, சேகரிக்கப்படும் கசிவுநீர் நாணல் படுகைகளின் வழியே செலுத்தப்படுகிறது. நாணலின் வேர்களிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் மாசின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. பறவைகளைப் படமெடுக்க வருவோர் பின்னணியாகக் கொள்ளும் அந்தப் பசிய நாணல், உண்மையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பு. இதை அறிந்து ஓட்டுபவர்க்கு அவ்விடம் குறைந்துபோவதில்லை, கூடுதலாகவே தெரியும்.

வடக்கே கோனித் தீவு. புலாவ் சிராங்கூன் என்பது அதன் மலாய்ப் பெயர்; 1930களில் 'டைகர் பாம்' தைலத்துக்குப் பெயர்பெற்ற ஆவ் சகோதரர்கள் வசமும், 1950இல் ஓர் இந்திய வணிகர் வசமும் அது சென்றது. நியூயார்க்கிலுள்ள அதே பெயர் கொண்ட கேளிக்கைக் கடற்கரையைப் போல ஆக்க விரும்பிய அவ்வணிகரின் திட்டம் நிறைவேறவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2015 அக்டோபரில் பூங்காவாகத் திறக்கப்பட்ட தீவில், சோழமண்டலக் கரையோரத்தாருக்குப் பழக்கமான சவுக்கு மரங்கள் காற்றில் இரைகின்றன. சாய்ந்த சவுக்குகளின் மரமே இருக்கைகளாகவும் அறிவிப்புப் பலகைகளாகவும் மறுபிறவி எடுத்துள்ளது. யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத ஒற்றை மாடு ஒன்று அங்கே உலவிவந்து 2016இல் இறந்தது. அதற்கு நேர்ந்த புகழ் பல அமைச்சர்களுக்கும் வாய்க்காதது.

பாதையை ஒட்டிய நிலம் இனிய நினைவுகளை மட்டும் சுமக்கவில்லை. பொங்கோல் முனைக் கடற்கரையில் 1942 பிப்ரவரி 28 அன்று சுமார் 400 சீனர்களை ஜப்பானியப் படை சுட்டுக் கொன்றது. அதற்குச் சற்று முன்புவரை அப்பகுதியில் வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா என்ற இந்திய வம்சாவளி விலங்கு வணிகரின் விலங்குக் காட்சிசாலை இருந்தது. சிராங்கூன் சாலையில் தொடங்கிய அதை அவர் 1928இல் பொங்கோலுக்கு மாற்றினார். போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படை அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. இன்று லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்கு எதிரே தொடங்கும் அதே சிராங்கூன் சாலைதான், அணை கட்டப்பட்ட அந்த ஆற்றின் பெயரையும் தாங்கியிருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயிலில் ஏறுவோர் அளவு வரம்புக்குட்பட்ட மடக்கு மிதிவண்டியை உடன்கொண்டு நேரே பொங்கோலில் இறங்கலாம் என்பதால், ஒருகாலத்தில் விலங்குகள் சென்ற திசையிலேயே இப்போது வண்டிகள் செல்கின்றன.

'ஓய்வு நேர மிதிவண்டி' என்ற வகைப்பாடு இங்கே சற்றுத் தடுமாறுகிறது. பகிர்வுப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு அனைவருக்கும் பொது. ஆனால் உடன் செல்வோரில் உணவு விநியோகிப்பவரும், விடுதியிலிருந்து வேலையிடத்துக்கோ கடைக்கோ செல்லும் வெளிநாட்டு ஊழியரும் உள்ளனர். தீவைச் சுற்றி 150 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டுள்ள பெருவழியும் பொங்கோல் கரையைத் தொட்டே செல்கிறது. அதன் முழு நீளத்தையும் ஓய்வுக்காக ஓட்டுவோர் சிலரே, ஏதேனும் ஒரு துண்டை அன்றாடத் தேவைக்குப் பயன்படுத்துவோர் பலர்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே கதிரவன் மறைகிறது. கோனித் தீவின் வாயிலும் அதே நேரத்தில் மூடப்படுகிறது. உள்ளே விளக்குக் கம்பங்கள் இல்லாததால், கடைசியாக நுழைந்தவர்கள் சவுக்குத் தோப்பில் இருள் படர்வதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.