சதுரத்தைச் சாய்ச்சா சதுரம் இல்லையாம்!

ஒரு மாசமா ஆபிஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல. இன்னிக்கு எழுதியே தீரணும்னு உட்கார வெச்சது எங்க அக்கா பொண்ணு. திருவொற்றியூர்ல நம்ம வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கா. மூணாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். போன ஞாயித்துக்கிழமை கணக்குப் பரிட்சைப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு வந்தா.

ஒரு சதுரத்தைச் சாய்ச்சு, முனையில நிக்கற மாதிரி வரைஞ்சு, இது என்னன்னு கேட்டிருக்காங்க. பொண்ணு 'ஸ்கொயர்'னு எழுதியிருக்கு. சிவப்பு மையில பெரிய பெருக்கல் குறி. பக்கத்துலயே 'டைமண்ட்'னு திருத்தம் வேற.

"எப்படிம்மா ஸ்கொயர்னு எழுதின?"

"ஸ்கேல் வெச்சு அளந்தேன் மாமா, நாலு பக்கமும் ஒண்ணா இருந்துச்சு. நோட்டு மூலையை வெச்சுப் பார்த்தேன், கரெக்டா உட்கார்ந்துச்சு. ஆனா தப்பாம்."

"நீ எழுதினதுதான் சரி."

"போ மாமா, மிஸ்ஸுக்குத் தெரியாதா?"

எனக்கு வயிறு எரிஞ்சது இங்கதான். போனது ஒரு மார்க்தான், அது கிடக்கட்டும். எட்டு வயசுக் குழந்தை பக்கத்தை அளந்து, கோணத்தைச் சோதிச்சு, அதுக்கப்புறம் ஒரு முடிவுக்கு வந்திருக்கு. கணக்குன்னா அதானே! 'அதெல்லாம் வேணாம், பார்க்க எப்படி இருக்கோ அந்தப் பேரைச் சொல்லு'ன்னு சிவப்பு மையில சொல்லிக் கொடுத்துட்டோம். இனிமே அவ ஸ்கேலை எடுப்பாளா?

1957-ல நெதர்லாந்துல வான் ஹீலன்னு ஒரு ஆசிரியத் தம்பதி, வடிவியலைக் குழந்தைங்க எப்படிக் கத்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. முதல் படியில குழந்தை மொத்த உருவத்தைப் பார்த்து அடையாளம் சொல்லும், 'கதவு மாதிரி இருக்கு, செவ்வகம்'னு. அடுத்த படியில பண்புகளைப் பார்க்கும், எத்தனை பக்கம், என்ன கோணம்னு. அதுக்கும் அடுத்த படியிலதான் 'எல்லாச் சதுரமும் செவ்வகம்தான், எல்லாச் செவ்வகமும் சதுரம் இல்ல'ங்கறது புரியும். வயசு ஏறினா படி தானா ஏறிடாது, சொல்லிக் கொடுக்கற விதத்துலதான் ஏறும்னும் சொன்னாங்க. நம்ம பொண்ணு தானாவே ரெண்டாவது படிக்கு ஏறியிருக்கு. நாம காலைப் பிடிச்சுக் கீழே இழுத்துட்டோம்.

கன உருவம்னு வந்தா இன்னும் கூத்து. கனசதுரத்துக்கு முகம் 6, விளிம்பு 12, முனை 8. கனசெவ்வகத்துக்கும் அதே 6, 12, 8. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சா. "சரி, ரெண்டு பெட்டியைப் பக்கவாட்டுல ஒட்டினா எத்தனை முகம்?"னு கேட்டேன். யோசிக்காம "12"னா. ரெண்டு தீப்பெட்டியைக் கையில கொடுத்தேன். ஒட்டினா, திருப்பினா, விரலால எண்ணினா. "ஆறுதான் மாமா! நடுவுல ரெண்டு உள்ளே போயிடுச்சு!" அந்த மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும் :-)

இதைச் சொல்லிக் கொடுக்க தீப்பெட்டிகூட வேணாம் சாமி. எண்ணூர் நெடுஞ்சாலையில கண்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்காத திருவொற்றியூர்க்காரன் எவன் இருக்கான்? ஸ்கூல் வேன்ல உட்கார்ந்துக்கிட்டு தினம் அதைப் பார்க்குதுங்க. 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். 40 அடிப் பெட்டின்னா நீளம் மட்டும்தான் ரெண்டு மடங்கு. உள்ளே பிடிக்கற சரக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஆனா வெளித்தகடு ரெண்டு மடங்கு ஆகாது. 20 அடிப் பெட்டிக்கு 796 சதுர அடின்னா 40 அடிக்கு 1592 இல்ல, 1456தான். அந்த 136 எங்கே போச்சு? தீப்பெட்டிக்கு நடுவுல ஒளிஞ்ச ரெண்டு முகம்தான்!

தண்டையார்பேட்டையில எண்ணெய் டேங்க் எல்லாம் ஏன் உருளை? அழுத்தத்துல அடைக்கற கேஸை ஏன் பெரிய பெரிய உருண்டையில வைக்கறாங்க? மூலைன்னு ஒண்ணு இருந்தா அழுத்தம் அங்கே போய்க் குவியும், கோளத்துக்கு மூலையே கிடையாது. காசிமேட்டுல முழு ஐஸ் பார் நின்னு கரையும், உடைச்ச ஐஸ் உடனே கரையும், ஏன்? உடைச்சா காத்துபடற பரப்பு அதிகம். பீச்சுல சுண்டல் பொட்டலத்தைப் பிரிச்சா கூம்பு தட்டைக் காகிதம் ஆயிடும், ஆரஞ்சுத் தோலை எப்படி உரிச்சாலும் கிழியாம தட்டையாகாது. எண்ணூர் கழிமுகத்துல நின்னா தெரியுமே, அனல் மின் நிலையத்தோட இடுப்பு ஒடுங்கின குளிர்விப்புக் கோபுரம், அந்த வளைவு முழுக்க நேர்கோடுகளை வெச்சே உண்டாக்கலாம். ரெண்டு வளையலுக்கு நடுவுல சுத்தி நூலைக் கட்டி, ஒரு வளையலை லேசாத் திருகுங்க, கோபுரம் வந்துடும்.

இவ்ளோவையும் ஜன்னலுக்கு வெளியே விட்டுட்டு, ஸ்மார்ட் கிளாஸ்னு காசு வாங்கி, தட்டையான திரையில கனசதுரத்தோட தட்டையான படத்தைக் காட்டறோம். படத்துல எண்ணினா மூணு முகம்தான் தெரியும். மீதி மூணு? மனப்பாடம்!

1939 நவம்பர்ல மரியா மாண்டிசோரி நம்ம ஊருக்குத்தான் வந்தாங்க. அடையாறு பிரம்மஞான சபையில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. கோளம், கூம்பு, உருளைன்னு நீல நிற மரக் கட்டைகளைக் குழந்தை கையில கொடுத்து, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொல்றது அவங்க முறை. முதல்ல கையில கிடைக்கற கனம், அப்புறம்தான் காகிதத்துல தட்டை. அந்த அம்மா முதல் பள்ளியை 1907-ல ஆரம்பிச்சது ரோம்ல கூலிக்காரங்க குடியிருந்த சான் லொரென்சோவில. நம்ம ராயபுரம் மாதிரி ஒரு இடம்னு வெச்சுக்கோங்க. இன்னிக்கு அந்தப் பேர் போட்ட பள்ளிகள்ல ஃபீஸைக் கேட்டா தலை சுத்துது. ஏழைப் பிள்ளைங்களுக்காகப் பிறந்த கட்டை ஏன் கூவத்தைத் தாண்டி வடக்கே வர மாட்டேங்குது?

'அரசாங்கம் ஒண்ணுமே பண்ணல'ன்னு சொல்ல மாட்டேன். 2003-ல மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றலும் சரி, 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் சரி, பிள்ளைங்க கையால செஞ்சு கத்துக்கணும்னுதான் சொல்லுது. அதை விட்டு ஓடி தனியார்ல சேர்த்து, 'நோட்டுல ஏன் எழுத்தே இல்ல?'ன்னு மிஸ்கிட்ட சண்டைக்குப் போறது யாரு? நாமதானே! நாப்பது பிள்ளைங்க, போர்ஷன், பரிட்சைன்னு ஓடற அந்த மிஸ்ஸையும் நான் குத்தம் சொல்லல. அவங்களுக்கும் யாரோ 'டைமண்ட்'னுதான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க.

நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு? பன்னெண்டாவதுல கணக்குல நல்ல மார்க். காலேஜ் முதல் செமஸ்டர்ல இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் அரியர். கூம்பைச் சாய்வா வெட்டினா என்ன உருவம் வரும்னு மனசுல தோணவே இல்ல. கூம்போட கன அளவு சூத்திரம் தெரியும், கூம்பு தெரியாது. ஹார்பர்ல வேலை பார்த்த எங்கப்பா எட்டாவது வரைக்கும்தான் படிச்சவர். ஒரு கேரட்டைச் சாய்வா வெட்டிக் காட்டி, "இன்னாடா, முட்டை மாதிரி இருக்கா?"ன்னார். அதுக்குப் பேர் நீள்வட்டம்னு அவருக்குத் தெரியாது. எனக்குப் பேர் தெரியும், உருவம் தெரியாது. எங்க ரெண்டு பேர்ல யாருக்கு கணக்கு தெரியும்னு நீங்களே சொல்லுங்க.

அந்தப் பேப்பரை நான் மிஸ்கிட்ட எடுத்துட்டுப் போறதா இருந்தேன். அக்கா "வேணாம்டா, பிள்ளையை வகுப்புல ஏதாவது சொல்லிடுவாங்க"ன்னு தடுத்துட்டா. அதனால பேப்பரை பாப்பா கையிலயே கொடுத்து, "கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பு, எப்போ ஸ்கொயரா இல்லாமப் போகுதுன்னு சொல்லு"ன்னேன். ரொம்ப நேரம் திருப்பிக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவா, "மாமா, பேப்பர்தானே திரும்புது?"ன்னா.

நாளைக்கு ஸ்கூல்ல திரும்ப அதே கேள்வி வந்தா என்ன எழுதுவேன்னு கேட்டேன்.

"டைமண்ட்"னா.

பி.கு.: வீட்டுல குட்டிப் பசங்க இருக்கறவங்க ஒரு பேஸ்ட் டப்பாவைப் பிரிச்சுப் போட்டு, திரும்ப மடிக்கச் சொல்லுங்க. என்ன நடந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டறவங்களும் வரிசையில வரலாம் :-)