வேலை நேரம் போக: வால்வுக்கு ஏற்ற ஸ்பிரிங் எது?

சென்ற இதழில் பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைத் துப்புரவு செய்யும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த இளைஞர் ஒருவர், ஞாயிறன்று சங்கத்து நூல்நிலையத்தில் நம்மைக் கண்டு பேசினார். தாய்மாமனிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது இரும்பு எஞ்சின் கொண்ட ஒரு பழைய புல்லட். அதன் வேகத்தைக் கூட்ட எண்ணிப் புதிய கேம் வாங்கி வைத்திருக்கிறார். "அண்ணா, கேம் வந்துவிட்டது. ஸ்பிரிங்கைக் கடையில் இருப்பதிலேயே கடினமானதாகப் பார்த்து வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். "அவசரம் வேண்டாம் தம்பி, அடுத்த இதழ் வரும்வரை பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அவ்வாறு சொன்னதற்குக் காரணம் நம் வீட்டிலேயே உண்டு. அதனை ஒளிக்காமல் எழுதுவதே முறை.

புல்லட் நமக்கு அயல் வண்டியன்று. 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்தாரோடு கூடி என்பீல்டு இந்தியாவைத் தொடங்கினர். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அங்கிருந்து வந்த 350 வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நிதானமாக நெடுந்தூரம் உழைப்பதற்கென்று அமைந்த எஞ்சின் அது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வால்வைத் திறப்பது கேமின் வேலை. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது கேம் அதில் பாதி, அதாவது 2,500 சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு ஏறக்குறைய 42 முறை திறந்து மூடுகிறது. கேமின் முகடு கடந்ததும் வால்வையும் ராக்கரையும் புஷ் ராடையும் திருப்பிக் கொணரும் வலிமை ஸ்பிரிங்குக்கு வேண்டும். அது போதாவிடில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும், எஞ்சின் திணறும், சில வேளை வால்வு பிஸ்டனில் மோதி வளையும். வேகம் 5,000லிருந்து 6,000 ஆனால், தேவைப்படும் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடுவதோடு நில்லாது. வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவதால் 44 விழுக்காடு உயர்ந்துவிடும். கடினமான ஸ்பிரிங்கை நாடும் ஆசை இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்த ஆசை நமக்கும் பிறந்தது. நம் தந்தையார் ரயில்வே பணிமனையில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். 1989ஆம் ஆண்டில் தாம் வாங்கிய புல்லட்டை ஓய்வுக்குப் பின் நம்மிடம் ஒப்படைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன், அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல், உயரத் தூக்கும் கேமும் கிடைத்தவற்றுள் மிகக் கடினமான ஸ்பிரிங்கும் பூட்டினோம். பழைய கேம்களைக் காயலான் கடையில் போட்டோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமுன் எஞ்சினில் 'டக் டக்' என்னும் ஓசை எழுந்தது. வாரந்தோறும் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தும் அது மீண்டும் அகன்றது. பிரித்துப் பார்த்தால், கேமின் முகடு தேய்ந்து மழுங்கியிருந்தது. டாப்பெட்டின் முகத்தில் குழி விழுந்திருந்தது. தந்தையார் அந்த டாப்பெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "வலிமை கூடினால் தேய்வும் கூடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுக்காதது என் தவறப்பா" என்றார். நம்மை ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பொங்கலுக்கு ஊர் செல்ல வைத்திருந்த பணம் அந்தப் பழுதுக்கே போயிற்று. ரயில் பாஸ் உண்டு. கையில் காசில்லாமல் உறவினர் வீடு ஏறுவது எங்ஙனம்? அவ்வாண்டு தந்தையார் தம் தமக்கையைக் காணவில்லை. சித்திரையில் அத்தை காலமானார். அந்த ஸ்பிரிங்கின் விலை எவ்வளவு என்று எவரேனும் கேட்டால், இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வோம். முதலாவது, கேம் செய்தவர் தரும் குறிப்புத்தாள். எந்த உயரத்தில் எவ்வளவு விசை வேண்டும் என்பது அதில் இருக்கும். குறிப்பில்லாத கேமை வாங்காதிருப்பதே நன்று.

இரண்டாவது, கணக்கு. விளக்கத்திற்காக மட்டும் சில எண்களைக் கொள்வோம். வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங்கின் உயரம் 36 மில்லிமீட்டர், அப்போது விசை 25 கிலோ என்க. ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்திற்கும் 3 கிலோ கூடுமாயின், வால்வு 8 மில்லிமீட்டர் திறக்கையில் விசை 49 கிலோ ஆகும். அதே ஸ்பிரிங்கைப் புதிய கேம் 9.5 மில்லிமீட்டர் அமுக்கினால் 53.5 கிலோ. ஸ்பிரிங்கை மாற்றாமலேயே விசை உயர்ந்துவிட்டதைக் கவனியுங்கள்! கம்பியின் பருமனிலும் எச்சரிக்கை தேவை. மற்ற அளவுகள் மாறாதிருக்க, கம்பி பத்தில் ஒரு பங்கு பருத்தாலே கடினம் ஏறக்குறைய 46 விழுக்காடு ஏறிவிடும்.

மூன்றாவது, சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுதல். 4 மில்லிமீட்டர் கம்பியில் ஆறு சுற்று இருந்தால், முற்றிலும் அமுங்கிய உயரம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். வால்வு 9.5 திறந்தால் ஸ்பிரிங்கின் உயரம் 26.5, மீதம் 2.5 இருப்பதால் அச்சமில்லை. 11.5 திறந்தாலோ மீதம் அரை மில்லிமீட்டர்தான், அது ஆபத்து. ஒன்றரை மில்லிமீட்டரேனும் மீதம் இருக்கட்டும். திறப்பை வால்வின் தலையில் அளக்க வேண்டும். கேமில் அளந்தால் ராக்கரின் விகிதத்தால் கணக்குப் பிசகும். ஸ்பிரிங்கின் மேல்தட்டு இறங்கி வால்வு கைடில் இடிக்கிறதா என்பதையும் உடன் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, தந்தையார் கற்பித்த சோதனை. பழைய ஸ்பிரிங்கையும் அதே வகையில் புதிய ஒன்றையும் நுனியோடு நுனி சேர்த்து வைஸில் பிடித்து மெல்ல இறுக்குங்கள். எது முன்னதாக அமுங்குகிறதோ அது சோர்ந்தது. இறுக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்வது நலம். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. பின் சமதளத்தில் நிறுத்தி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்து நின்றால் அதனை நீக்கிவிடுங்கள்.

ஆகவே, நம் இளைய நண்பருக்கு விடை இதுவே. வால்வு மிதவாமல் காக்கப் போதுமான ஸ்பிரிங்குகளுள் மிக மெலிந்தது எதுவோ, அதுவே தக்கது. கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் வண்டியில் சிறிதளவே உயர்ந்த கேம் பூட்டுவோர்க்கு, முட்டும் அளவு இடங்கொடுக்குமாயின், புதிதாக வாங்கிய வழக்கமான ஸ்பிரிங்கே பெரும்பாலும் போதும். பழைய கேம்களை மட்டும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். மாமனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தேய்ந்த அந்த டாப்பெட் இன்றும் நம் எழுதுமேசையில் தாள் பறவாமல் காக்கும் பாரமாக இருக்கிறது. அடுத்த இதழில் டாப்பெட் இடைவெளியை அளந்து சரிசெய்யும் முறையைக் காண்போம். ஐயமுள்ள அன்பர்கள் வழக்கம்போல் சங்கத்து முகவரிக்கு எழுதுக.