கோணல் முத்து தந்த பெயர்

புனித சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டுள்ள கோவா போம் ஜேசு ஆலயம் 1605-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரும்பாலும் ஓர் அடைமொழியைக் கையாளுவர். பி, ஏ, ஆர், ஓ, கியூ, யூ, ஈ என்னும் ஏழு எழுத்துகளாலான சொல் அது. நம் பிள்ளைகள் அதனைப் 'பரோக்யூ' என வாசிக்கக் கேட்டிருக்கிறோம். ஈற்றெழுத்துகள் மூன்றும் கூடி 'க்' என்னும் ஒரே ஒலியைத் தருவன. ஆகவே 'பரோக்' என்பதே சரி. முதலெழுத்தைப் 'பஸ்' என்பதில் வருவதுபோல் ஒலித்து, அழுத்தத்தை 'ரோ'வின்மேல் வைத்தல் வேண்டும். இங்கிலாந்தில் ஓகாரத்தைக் குறுக்கிப் 'பராக்' என்பதுபோல் சொல்வாரும் உளர். அரசர் வரும்போது கட்டியங்காரன் கூவும் பராக்குக்கும் அதற்கும் உறவில்லை!

வளைவுகளும் பொன்வேலையும் உணர்ச்சி ததும்பும் சிற்பங்களுமாக, 17-ஆம் நூற்றாண்டில் உரோமையில் தழைத்த கலைப்பாணியை அது குறிக்கும். அளவுமீறிய அலங்காரமுடைய எதனையும், உரைநடையைக்கூட, அவ்வாறு சொல்வதுண்டு.

சொல்லின் பிறப்புதான் நமக்கு நெருக்கமானது. உருண்டு திரளாத முத்தைப் போர்த்துக்கீசியர் 'பர்ரோக்கோ' என்றனர். கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர் 1563-இல் கோவாவில் அச்சேற்றிய நூலில் வடிவு கெட்ட முத்துகளுக்கு இச்சொல்லை வழங்குகிறார். சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த 1542-க்கும் அதற்கும் இடையே 21 ஆண்டுகளே. பிரெஞ்சுக் கழகத்தாரின் 1694-ஆம் ஆண்டு அகராதியிலும் 'பரோக்' என்பது முத்துக்கு மட்டுமே உரிய சொல். 1740-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஒழுங்கற்றது, விசித்திரமானது' என்னும் பொருளும் ஏறிற்று. பின்னர் அதனையே அக்காலக் கட்டடங்கள்மீது ஏளனமாக வீசினர். உல்ஃப்லின் என்னும் கலையறிஞர் 1888-இல் எழுதிய நூலே அவ்வசையை மதிப்புக்குரிய பெயராக மாற்றப் பெரிதும் உதவிற்று. தருக்க நூலின் ஒரு குறியீட்டுச் சொல்லிலிருந்து இது வந்தது என வாதிடுவோரும் உளர்; நாம் முத்தின் பக்கமே நிற்கிறோம்.

சாவி, ஜன்னல், அலமாரி முதலிய போர்த்துக்கீசியச் சொற்களை வரவேற்ற தமிழ், பர்ரோக்கோவை ஏற்கவில்லை. தேவையும் இல்லை. காற்று, மண், கல், நீர் இவற்றால் முத்துக்கு நேரும் குற்றங்களைச் சிலப்பதிகாரமே பேசிற்று. முத்து வணிகரோ 20 துளை முதல் 1,000 துளை வரையுள்ள பித்தளைச் சல்லடைகளால் முத்தைப் பருமன்வாரியாகப் பிரித்து, பின் வடிவும் ஒளியும் நோக்கித் தரம் கண்டனர். குற்றமற்றது ஆணிமுத்து. ஆங்கிலேயர் ஆட்சியில் குளியாட்களுக்குக் கிடைத்த கூலி, தாம் எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு. உள்ளே இருப்பது ஆணியோ கோணலோ, சிப்பியைத் திறக்குமட்டும் எவரும் அறியார். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர் இரண்டுக்கும் ஒரே மூச்சைத்தான் அடக்கினார். விலையில் அம்மூச்சு கணக்கிடப்படவில்லை என்பது நம் மனக்குறை.

முத்து கோணுவதற்குச் சிப்பியின் தசையருகே இடம் நெருங்கி வளர்வதும் ஒரு காரணம். நம் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. 1973-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் உருண்டை மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினர். அவ்வாறு வளர்ப்பவற்றிலும் சில கோணலாகவே திரளும். அவற்றை ஆங்கில நகை வணிகர் இன்றும் 'பரோக் முத்து' என்றே விற்கின்றனர். தேடி வாங்குவோரும் உளர்.