உண்டியலுக்கு மூன்று சாவி, கணக்குக்கு ஒருத்தர் லேப்டாப்பா?



ஆலய அலுவலகத்தில் புதிதாக ஒரு சின்னக் கருப்புப் பெட்டி வைத்திருப்பதைப் பல பேர் பார்த்திருப்பீர்கள். "என்ன அது, சிசிடிவியா?" என்று கேட்டவர்கள் உண்டு. "கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் காசு இல்லேன்னு சொல்றீங்க, கம்ப்யூட்டர் சாமானுக்கு மட்டும் 3,000 வெள்ளியா?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களும் உண்டு. கேட்டது நியாயம்தான். ஆலயக் காசு உங்கள் காசு. அதனால் தொண்டர்களாகிய நாங்கள் எங்கள் கருத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கருத்து இதுதான்: ஆலயத்தின் கணக்கும் பத்திரமும் படமும் ஆலயத்தில்தான் இருக்க வேண்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு தனி ஆளின் லேப்டாப்பிலோ கைப்பேசியிலோ இருக்கக் கூடாது.

நம் ஆலயத்தில் உண்டியல் எப்படித் திறக்கிறோம்? மூன்று பூட்டு, மூன்று சாவி. தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று, பக்தர்கள் சார்பில் ஒருத்தரிடம் ஒன்று. மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். பக்தர்கள் முன்னாலேயே எண்ணுகிறோம். இது யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வது இல்லை. நாளைக்கு யாரும் அவர்களைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது என்பதற்காகச் செய்வது. ஆனால் அந்த உண்டியல் காசு எங்கே போனது என்று சொல்லும் கணக்கு? ஒருத்தர் லேப்டாப்பில், ஒரே ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்தது. காசுக்கு மூன்று சாவி, கணக்குக்கு ஒரு சாவி. இது எந்த ஊர் நியாயம்?

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் ஒருநாள் உபயம் எடுக்கும் ஒரு பாட்டி நம் ஆலயத்தில் இருக்கிறார். கணவர் காலத்திலிருந்தே எடுக்கிறார். செயலவை மாறிய வருஷம் உபயகாரர் பட்டியல் பழைய லேப்டாப்போடு போய்விட்டது. புதியவர்கள் ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் புதுப் பட்டியல் எழுதினார்கள். அதில் பாட்டி பேர் இல்லை. அந்த நாள் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. பாட்டி சண்டை போடவில்லை. "எனக்கு வயசாயிடுச்சுன்னு எடுத்துட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பழைய செயலாளரும் ஒளித்து வைக்கவில்லை. அவருடைய லேப்டாப் கெட்டுப்போனது, அவ்வளவுதான். பிறகு பேசி, மறு வருஷம் பாட்டிக்கே அந்த நாள் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி கேட்டது கேட்டதுதானே.

இது ஒரு குடும்பத்து விஷயம். முழு ஆலயத்துக்கும் வரக்கூடிய ஆபத்தும் உண்டு. நம் நாட்டில் நிறைய ஆலயங்கள் தோட்டத்தில் பிறந்தவை. நம் தாத்தா பாட்டிகள் ரப்பர் மரத்துக்கு நடுவில் கல்லும் சூலமும் வைத்துக் கும்பிட்ட இடங்கள்தான் பிறகு கோவிலாக எழுந்தன. அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை வாய்மொழியாகச் சரி என்பார், இல்லாவிட்டால் ஒரு கடிதம் கொடுப்பார். தோட்டம் கை மாறி, தாமானாக மாறும்போது, "நீங்கள் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்? யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்று கேட்பார்கள். அப்போது பக்தியை மட்டும் காட்ட முடியாது. பழைய கடிதம், கரண்ட் பில், கும்பாபிஷேகப் படம், கூட்டக் குறிப்பு, இவைதான் பேசும். அந்தக் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டால் யார் பேசுவார்கள்?

சட்டமும் இருக்கிறது. சங்கமாகப் பதிவான ஆலயங்கள், 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஐம்பதாவது நாளில் "அந்த ஃபைல் யார்கிட்ட இருக்கு?" என்று தேடுவது எத்தனை ஆலயத்தில் நடக்கிறது என்று செயலவையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். அதற்கு 'நாஸ்' என்று பேர். எளிமையாகச் சொன்னால், அலுவலகத்துக்கு ஒரு பொது இரும்பு அலமாரி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ரூட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டால் அலுவலகத்தில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதே அலமாரியைத் திறக்கலாம். அர்ச்சனை கவுண்டர், செயலாளர் மேசை, பொருளாளர் மேசை எல்லாம் ஒரே இடத்தில் சேமிக்கும். "கடைசிக் கணக்கு எது? உங்ககிட்ட இருக்கிறதா, என்கிட்ட இருக்கிறதா?" என்ற பேச்சே வராது.

மற்ற ஆலயத் தொண்டர்களும் படிப்பதால், நாங்கள் வைத்த முறையையும் சொல்லிவிடுகிறோம்.

1. இடம். ஆலயத்தில் கற்பூரப் புகை, சாம்பிராணி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உண்டு. பெட்டியின் காற்றாடியில் அது ஒட்டினால் சூடு ஏறி டிஸ்க் கெடும். அதனால் சந்நிதிப் பக்கம் வேண்டாம். அலுவலகத்தில், காற்றோட்டம் உள்ள பூட்டிய அலமாரியில், தரையிலிருந்து நல்ல உயரத்தில் வைத்தோம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் எப்படி மூழ்கின என்று எல்லாரும் பார்த்தோம். தரையில் வைத்த எதுவும் மிஞ்சாது.

2. டிஸ்க். 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டோம். 8 டிபி கிடைக்காது, 4 டிபிதான். ஏன் என்றால் இரண்டிலும் ஒரே விஷயம் எழுதப்படுகிறது, கண்ணாடியில் தெரிவது மாதிரி. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும். கெட்டதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் தானாக நகல் எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்த டிஸ்க் வாங்குங்கள். சாதா டிஸ்க் கொஞ்சம் மலிவு, ஆனால் இந்த வேலைக்குச் செய்தது இல்லை.

3. கரண்ட். நம் ஊர் இடி மின்னலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடலாம். அதனால் ஒரு சின்ன யுபிஎஸ். அதை யுஎஸ்பி கேபிளில் பெட்டியோடு இணைத்தால், கரண்ட் போனதும் பெட்டி தானாக ஒழுங்காக அணையும்.

4. ஆளுக்கு ஒரு பேர். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுக்கவில்லை. அர்ச்சனை கவுண்டரில் இருப்பவர் ரசீது ஃபோல்டரை மட்டும் பார்ப்பார். கணக்காய்வாளர் பார்க்கலாம், மாற்ற முடியாது. நிலப் பத்திரம் இருக்கும் ஃபோல்டரில் யாரும் எதையும் அழிக்க முடியாது. உபயகாரர்களின் ஐசி நம்பர், போன் நம்பர் எல்லாம் உள்ளே இருக்கிறது. அது உங்கள் குடும்பத்து விஷயம், எல்லார் கண்ணிலும் படக் கூடாது.

5. ஸ்கேன். பழைய காகிதங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வருஷத்தை முதலில் எழுதிப் பேர் வைக்கிறோம். கடை ரசீது பல, வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புத் தாளில் வருகிறது. சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

"கூகுள் டிரைவ் சும்மாவே கிடைக்குதே, அதுல போட்டா என்ன?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. நாங்கள் அதற்கு எதிரி இல்லை. வெளியில் ஒரு நகல் இருப்பது நல்லதுதான். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஒரு தைப்பூசத்துப் படமும் வீடியோவும் போட்டாலே நிறைந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தக் கணக்கு யார் பேரில்? இதுவரை செயலாளரின் சொந்த இமெயிலில் இருந்தது. இரண்டு வருஷம் யாரும் திறக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து அவர்கள் விதி. லேப்டாப்பை விட்டு கிளவுடுக்குப் போனாலும், தனி ஆள் பேரில் இருந்தால் அதே கதைதான். இப்போது ஆலயத்தின் பேரிலேயே இமெயில் திறந்து, முக்கியமான பத்திரங்களின் நகலை அதில் வைக்கிறோம்.

சின்ன ஆலயம், ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் என்றால் நாஸ் வாங்கியே ஆகவேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை ஆலயத்திலும் ஒன்றை வெளியிலும் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றினாலே போதும். பெட்டி பெரிது இல்லை, பழக்கம்தான் பெரிது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாஸ் மந்திரப் பெட்டி இல்லை. இரண்டு டிஸ்க் இருக்கிறதே, இனிமேல் கவலை இல்லை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. யாராவது தெரியாமல் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். தீ பிடித்தாலும் அப்படியே. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற வைரஸ், இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான நாஸ் பெட்டிகளைப் பூட்டி, பிட்காயினில் பணம் கேட்டது. அதனால் நம் பெட்டியை வெளியிலிருந்து திறக்க முடியாது, ஆலயத்து நெட்வொர்க்கில் மட்டும்தான். "வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் நல்லா இருக்குமே" என்று செயலவையில் கேட்டார்கள். வசதிதான், ஆனால் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு 3-2-1. மூன்று நகல், இரண்டு விதமான இடம், ஒன்று ஆலயத்துக்கு வெளியே. நாங்கள் மாதக் கடைசி ஞாயிறு ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கில் நகல் எடுக்கிறோம். பாஸ்வேர்டு இல்லாமல் அது திறக்காது. அது பொருளாளர் வீட்டுக்குப் போகிறது, போனதும் வந்ததும் புத்தகத்தில் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத உண்டியல் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, பெட்டியின் தலைமைப் பாஸ்வேர்டு யாரிடம்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. அதைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, அம்மன் நகை இருக்கும் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். உறையைத் திறந்தால் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். பெட்டியை அமைத்துக் கொடுத்த தம்பிக்கும் இப்போது அந்தப் பாஸ்வேர்டு தெரியாது. அவரே "மாத்திடுங்க அண்ணே, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதுதான் தொண்டு.

எங்களில் சிலர் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள். அங்கே லாக் புத்தகத்தை ஒப்படைக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஷிப்ட் ஏற்கும். திருகாணி செய்யும் இடத்திலேயே இவ்வளவு ஒழுங்கு என்றால், அம்மன் குடியிருக்கும் இடத்தில் எவ்வளவு வேண்டும்? செயலவை மாறும். தேர்தலில் மனக்கசப்பும் வரும், அதை மறைத்துப் பயன் இல்லை. ஆனால் யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும், மறுநாள் காலையில் கணக்கு அதே அலமாரியில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வரும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். செயலவை மாறினால் 14 நாளுக்குள் பெட்டி, பாஸ்வேர்டு உறை, போர்ட்டபிள் டிஸ்க் மூன்றையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும், பழையவர்களின் பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும் என்பது அது. வந்து கை தூக்குங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து காரணம் சொல்லுங்கள், கேட்கிறோம்.

இரண்டு, உங்கள் வீட்டில் பழைய ஆலயப் படம், உபய ரசீது, கும்பாபிஷேகப் பத்திரிகை இருந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்துவிட்டு உடனே திருப்பிக் கொடுப்போம். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். படம் சுருங்கி, பத்திரத்து எழுத்து படிக்க முடியாமல் போகும்.

மூன்று, பிள்ளைகளை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிந்து இரண்டு மணி நேரம் போதும். எங்களுக்குப் பழைய ஆட்களைப் படத்தில் அடையாளம் தெரியும், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வேலை முடியும்.

கோபுரத்துக்குப் பெயிண்ட் கட்டாயம் அடிப்போம். அதற்கு வரும் ஒவ்வொரு வெள்ளியும் யார் கொடுத்தது, எங்கே போனது என்று இந்தப் பெட்டியில் இருக்கும். கேட்கிறவர்கள் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள், திறந்து காட்டுகிறோம்.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்